எழுபத்தொன்று

தொண்ணூற்றேழாமே. திரையில் பச்சை எழுத்தில் ஆள் உயரத்துக்கு அந்த எண் நின்றது, அதைப் போட்ட மனிதர் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே குழுவைப் பார்த்துச் சிரித்தார், மூன்றாம் வரிசையில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த சாந்தாமணிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது, நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறாரே இந்த மனுஷன் என்று. அடுத்தது அவள் முறை. கோயம்புத்தூரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கக் கூடத்தில் காலையிலிருந்து ஒவ்வோர் ஆராய்ச்சித் திட்டமாகக் கூப்பிட்டு, எது தொடரலாம், எது இத்தோடு போதும் என்று ஐந்து பேர் கொண்ட குழு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏசி சரியாக இவள் தலைக்கு மேலே. பக்கத்து நாற்காலியில் யாரோ கடிக்காமல் வைத்துவிட்டுப் போன கிரீம் பிஸ்கட், ஆடை படர்ந்த டீ. கை ஏன் இப்படிச் சில்லிட்டுப் போகிறது, ஏசிதான், ஏசியாகவே இருக்கட்டும். அவள் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பூச்சரத்தை எப்போதும் தயாராக வைத்திருந்தாள்: புரதம் என்பது ஒரு சரம், கட்டி முடித்த பிறகு உடம்பு அதில் சில இடங்களில் மட்டும் ஒரு கனகாம்பரத்தைச் செருகுகிறது, சின்ன ரசாயனத் துணுக்கு, அவ்வளவுதான், ஆனால் செருகிய பிறகு அந்தப் புரதம் வேறு ஆள், தூங்கிக்கொண்டிருந்தது விழித்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும், சில சமயம் நோயே அங்கிருந்துதான் கிளம்பும். எந்த இடத்தில் செருகும் என்று சோதனைக்கூடத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க ஆயுள் போதாது. சரத்தைப் படித்துவிட்டு இங்கே செருகும், இங்கே செருகாது என்று முன்கூட்டியே சொல்லும் கணினி நிரலை எழுதியவள் சாந்தாமணி. சரத்தின் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு, துணுக்கு ஒட்டுவது லைசின் என்ற பூவில், அதற்கு எழுத்து கே, அதனால் கே எங்கே வந்தாலும் அவள் கண் அங்கே நின்றுவிடும், லாரியின் நம்பர் பலகையில், ஜவுளிக்கடைப் பெயரில், கல்யாணப் பத்திரிகையில். அந்தப் பக்கம் பத்து எழுத்து, இந்தப் பக்கம் பத்து எழுத்து என்று மனசு தானாக எண்ணத் தொடங்கும். உனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். பிடித்துத்தான் இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெட்கப்பட வேண்டியது இந்த எண்ணுக்காகவா என்பதுதான் இப்போது கேள்வி. அதே மாதிரி நிரல் எழுதிய அவருக்குத் தொண்ணூற்றேழு, இவளுக்கு எழுபத்தொன்று. நூறு இடத்தைக் காட்டினால் எழுபத்தொன்றைச் சரியாகச் சொல்லும், மீதியில் தடுமாறும். ஆனால் ஃபைலுக்குள் இன்னொரு ஸ்லைடு இருந்தது, மறைத்து வைத்தது, அதில் தொண்ணூற்றுநாலு. அதுவும் அவள் எடுத்த எண்தான். காலையில் மாடிப்படியில் பேராசிரியர் வரதராஜுலு மூச்சு வாங்க நின்று அதைத்தான் கேட்டார். திட்டம் அவர் பெயரில், வேலை இவளுடையது, இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை. நல்ல மனுஷர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் விசாரிப்பவர், எண் சின்னதாக இருந்தால் மட்டும் முகம் தொங்கிவிடும். “ஏம்மா சாந்தாமணி, அந்தத் தொண்ணூத்திநாலு ஸ்லைடு ஃபைல்லதான இருக்கு? தூக்கிடலையே?” என்றார். “இருக்குதுங்க சார். மறைச்சு வெச்சிருக்கறேன்.” “மறைச்சத எடுத்து வெளிய போடு. பொய்யா சொல்றோம்? நம்ம மெஷின்ல நம்ம எடுத்த ரிசல்ட்டு.” “அது தப்புன்னு தெரிஞ்சு போச்சுங்களே சார்.” “தெரிஞ்சது உனக்கும் எனக்கும். அவங்க அஞ்சு பேரும் மத்தியானச் சாப்பாட்ட நெனைச்சிட்டு உக்காந்திருப்பாங்க, எந்த நம்பர் பெருசோ அதத்தான் பாப்பாங்க.” அப்புறம் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பி நின்று, “உன் போஸ்ட்டும் இதுலதான் தொங்குது, மறந்துடாத,” என்றார். மிரட்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அக்கறையாகச் சொன்னார், வாயை அடைத்துவிட்டது. பொய்யா சொல்கிறோம், பொய்யா சொல்கிறோம். இல்லை, பொய் இல்லை. அதுதான் தொல்லை. பொய்யாக இருந்தால் எவ்வளவு சுலபம், மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

தொண்ணூற்றுநாலு வந்த அன்று அவளும் குதித்தவள்தான், அதை மறைப்பானேன். லேபுக்கே தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தாள். மறுவாரம் ஒரு மத்தியானம் தக்காளி சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையின் சாமர்த்தியத்தை உட்கார்ந்து ரசிக்கும் ஆசையில், நிரல் எவற்றையெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். சுண்டெலியின் புரதம் ஒன்றில் ரொம்பச் சிக்கலான ஓர் இடம், யாரும் ஊகிக்க முடியாது, அதைப் பட்டென்று சொல்லியிருந்தது. அடி ராசாத்தி, எப்படிச் சொன்னாய் என்று உள்ளே போய்ப் பார்த்தால், அதே புரதம், எலியினுடையது, நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குவியலில் கிடந்தது. ஓரிரண்டு எழுத்துதான் வித்தியாசம். அது ஊகிக்கவே இல்லை, ஏற்கெனவே பார்த்த முகத்தை அடையாளம் சொல்லியிருக்கிறது. இன்னொன்றைப் பார்த்தாள், அதுவும். இன்னொன்று, அதற்கு மனிதரில் ஓர் அண்ணன், பசுவில் ஒரு சித்தி. காதுக்குப் பின்னால் சூடாக ஏறியது, வாயில் போட்ட சோற்றை விழுங்க மறந்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தது இப்போதும் நாக்கில் நினைவிருக்கிறது, தக்காளிப் புளிப்பு, ஒரு கடுகு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இடறி விழும் இடம் இதுதான். இருக்கும் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, பாதி பாடத்துக்கு, மீதி பரீட்சைக்கு என்று பிரித்தால் நியாயமாக இருக்கும் என்று தோன்றும். சீட்டுக்கு அது நியாயம். சொந்தபந்தம் உள்ளவற்றுக்கு எப்படி நியாயம் ஆகும். கொங்கு நாட்டில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகும் முன்பே எந்தக் கூட்டம், எந்தக் குலம் என்றுதான் கேட்பார்கள், ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கச்சி, முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் சரி, வேறு மாவட்டமாக இருந்தாலும் சரி, பேச்சு அங்கேயே முடிந்தது. பெருந்துறையில் பிறந்த சாந்தாமணிக்கு இது பால்குடியிலேயே தெரியும், ஆனால் பிஎச்டி வாங்கிக் கணினி முன்னால் உட்கார்ந்தபோது மறந்துபோயிருந்தது. அன்று மத்தியானம் கை கழுவிவிட்டு வந்து ஒவ்வொரு புரதத்தையும் கேட்கத் தொடங்கினாள், நீ எந்தக் கூட்டம், நீ எந்தக் கூட்டம் என்று. ஒரு கூட்டம் முழுக்க ஒரே பக்கம். பாடத்தில் ஒருத்தன் இருந்தால் அவன் பங்காளிகள் ஒருத்தர்கூடப் பரீட்சைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எல்லாவற்றையும் பிரித்து வைத்து மறுபடி ஓட்டியபோது தொண்ணூற்றுநாலு அறுபத்துமூன்றாகச் சரிந்து கிடந்தது. வரதராஜுலு சார் அதைப் பார்த்துவிட்டு, “இத யாருகிட்டயும் காட்டிட்டு இருக்காதம்மா,” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அறுபத்துமூன்றிலிருந்து எழுபத்தொன்று. எட்டு. இந்த எட்டு இருக்கிறதே, இதில் ஒவ்வொன்றையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். முதல் மூன்றும் சரம் மடிவதால் வந்தவை. எழுத்தில் தூரத்தில் இருப்பவர்கள் மடித்த பிறகு தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள், இத்தனை நாள் பக்கத்துப் பத்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது என்ன புத்தி, அதையும் கற்றுக்கொடுத்தாள், மூன்று ஏறியது. அடுத்த இரண்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்தவை. துணுக்கு இருப்பதாக யாரும் கண்டுபிடிக்காத இடத்தையெல்லாம் ‘இல்லை’ என்று குறித்து வைத்திருந்தார்கள் எல்லோரும். பார்க்காததும் இல்லாததும் ஒன்றா. யாரும் தட்டிப் பார்க்காத வீட்டில் ஆளில்லை என்று எழுதுவதா. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்ன இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக் கட்டினாள், இரண்டு. அதற்கப்புறம் இரண்டு அரை அரையாக, கால் காலாக, முனகிக்கொண்டு வந்தது. கடைசி ஒன்று தானாக வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்ப வேறு வேறு கூட்டங்களை மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தாள், போய்விடும் போய்விடும் என்று பார்த்தால் போகவில்லை, சரி இருந்துகொள் என்று விட்டுவிட்டாள். அக்காவிடம் போனில் சொன்னபோது, “எழுபத்தொண்ணா? ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். டிஸ்டிங்சன் வர்லையாக்கும்?” என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கணபதிப் பகுதியில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கும் வீட்டுக்காரர் சென்னியப்பன், கிரீஸ் கையோடு தோசைத்தட்டைப் பிடித்துக்கொண்டு, “எழுபத்தொண்ணா அம்மிணி? எங்க பம்பு அம்பது பர்சென்ட்டத் தாண்டுனாலே சாமிக்குத் தேங்கா ஒடைப்போம்,” என்றார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவர் சொன்னதில் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. உலகத்தில் யார் எவ்வளவு போட்டுக்கொண்டாலும், முன்பின் தெரியாத ஒரு புரதத்தைக் கொண்டுவந்து வைத்தால் இவள் பிள்ளை அளவுக்குச் சொல்லக்கூடியது எது, வரட்டும் பார்க்கலாம். இதைச் சத்தமாகச் சொன்னால் திமிர் என்பார்கள். உள்ளுக்குள் சொல்லிக்கொள்வதற்கு யாரைக் கேட்க வேண்டும்.

அதற்குள் முழுக்கைச் சட்டைக்காரர் நன்றி ஸ்லைடுக்கு வந்துவிட்டார், சூரியோதயப் படம். குழுத் தலைவர், நரைத்த மீசைக்காரர், “வெரி நைஸ்,” என்றார். ஒரு கேள்வி இல்லை. எந்தக் கூட்டம் என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா. கேட்கவில்லை. தொண்ணூற்றேழு, வெரி நைஸ், போய்க்கொண்டே இருக்கலாம். வரதராஜுலு சார் சொன்னது சரிதானோ. எழுபத்தொன்றைப் பார்த்துவிட்டு இத்தோடு போதும் என்று எழுதிவிட்டால் இந்த மாதக் கடைசியோடு அவள் வேலை முடிந்தது. நாற்பத்துமூன்று வயது, நிரந்தர வேலைக்குக் கேட்கிற வயசெல்லாம் தாண்டியாயிற்று, மறுபடி தனியார் கல்லூரியில் போய் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு செல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்லிக்கொடுக்கலாம், அதில் ஒன்றும் கௌரவக்குறைச்சல் இல்லை, ஆனால் நிரல் என்ன ஆகும். சர்வரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஸ்டீல் பீரோவில் போட்டுப் பூட்டுவார்கள், எட்டுப் புள்ளியும் உள்ளே, பூச்சி உருண்டையோடு. புதுப் புரதங்கள் வந்துகொண்டே இருக்கும், அதற்கு ஊட்ட ஆள் இருக்காது. விரல் தானாகப் போனது. மறைத்த ஸ்லைடை வெளியே எடுத்தது. தொண்ணூற்றுநாலு, நீலக் கோடு, எவ்வளவு அழகாக வளைந்து ஏறுகிறது பாவி, கோயில் யானை துதிக்கை மாதிரி. எழுபத்தொன்றுக்குப் பின்னால் வைத்தாள். முன்னால் வைத்தாள். இரண்டையும் காட்டி, முதலில் இப்படி வந்தது, அப்புறம் கண்டிப்பாகப் பார்த்தபோது இப்படி என்று சொல்லிவிடலாம், அது பொய் இல்லை, அவர்கள் பெரிதை மட்டும் பார்த்துக்கொண்டால் அதற்கு இவள் என்ன செய்ய முடியும். என்ன செய்ய முடியும் என்று கேட்கும்போதே விடை தெரிந்துதான் கேட்கிறோம். தொண்ணூற்றுநாலு யார் கொடுத்தது. கணினி கொடுத்தது, ஒரே மத்தியானத்தில், கேட்ட யாருக்கும் கொடுக்கும், இதோ இறங்கி வருகிறாரே இவருக்கும் கொடுத்திருக்கிறது. எழுபத்தொன்று யாருக்கும் கொடுக்காது. அது இவள் ஒவ்வொன்றாகக் கட்டி ஏற்றியது, தோள் வலி, கண்ணெரிச்சல், தீபாவளியன்று நெய் முறுக்கைத் தின்றுகொண்டே ஓட்டிப் பார்த்தது எல்லாம் அதில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இதை நிறுத்தி வைப்பதே அவமானம். மறைக்கவில்லை, அழித்தேவிட்டாள். சேமிக்கவா என்று லேப்டாப் கேட்டது, ஆமாம் என்று அழுத்தினாள்.

பெயர் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஏறும்போது முதல் வரிசையிலிருந்து வரதராஜுலு சார் கண்ணால் கேட்டார், போட்டுவிட்டாய்தானே என்று. அவரைப் பார்க்காத மாதிரி மைக்கைச் சரி செய்தாள். பூச்சரம், துணுக்கு, கூட்டம் பிரித்தது எல்லாம் சொல்லி வந்து, “எழுபத்தொன்று,” என்றாள். சொன்ன பிறகு அந்த எண்ணை விளக்க அவசரப்படாமல், அது திரையில் நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். வரதராஜுலு சார் தலையைக் குனிந்துகொண்டு வாட்சைத் திருகினார். குழுத் தலைவர் கண்ணாடியை இறக்கி, “இப்பத்தான் ஒருத்தர் தொண்ணூத்தேழு காட்டிட்டுப் போனார். உங்களது எழுபத்தொண்ணு. இத நாங்க எப்படி எடுத்துக்கறது?” என்றார். “எனக்கும் முதல்ல தொண்ணூத்தி நாலு வந்துதுங்க சார். பாடத்துல இருந்தவங்களோட சொந்தக்காரங்களே பரீட்சையில இருந்தாங்க. அவங்களப் பிரிச்சு அந்தப்பக்கம் அனுப்புனதும் அறுபத்தி மூணு ஆயிருச்சு. அதுலருந்து ஏத்துனதுங்க இது.” முழுக்கைச் சட்டைக்காரர் கடைசி வரிசையில் எதையோ குறித்துக்கொண்டார், பாவம், இன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. குழுவில் ஓரமாக உட்கார்ந்திருந்த டாக்டர் பிலோமினா, காலையிலிருந்து வாயே திறக்காதவர், சோதனைக்கூடத்தில் கையால் வேலை பார்ப்பவர், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருந்த ஒரு புரோகிராம நம்பிப் பத்து இடம் எடுத்தோம்மா. ஒரு வருஷ வேலை. ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு. உங்களது பத்து இடம் சொன்னா ஏழு தேறுமா?” ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். “ஏழுன்னு சொல்ல மாட்டேங்க மேடம். எழுபத்தொண்ணு கம்ப்யூட்டர்ல வெச்ச பரீட்சையில வந்தது, உங்க சோதனைக்கூடத்துல கொஞ்சம் கொறையும். ஆறுன்னு வெச்சுக்கங்க,” என்றாள் சாந்தாமணி. பிலோமினா வாய்விட்டுச் சிரித்தார். “ஆறு போதும். எனக்கு நாளைக்கே அனுப்புங்க.” தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து பேசினார், நிமிர்ந்து, “இது தொடரட்டும்,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

தொடரட்டும். தொடரட்டும் என்றால் சர்வர் இருக்கும், எழுபத்திரண்டு என்று ஒன்று இருக்கலாம், இருக்கும், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றுகூடக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. தலைவர் பேனாவை மூடிவிட்டு, “இந்த மாதிரி குடும்பம் குடும்பமாப் பிரிச்சுப் பார்க்கணும்ங்கறது யாரோட யோசனை?” என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். வரதராஜுலு சார் எழுந்து நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். “நம்ம லேப்ல ஆரம்பத்துலருந்தே அப்படித்தான் சார். பெரிய நம்பரெல்லாம் நான் நம்பறதே இல்ல. கண்டிப்பாப் பிரிச்சுத்தான் ஆகணும்னு சொல்லிட்டேன்,” என்றார், முகத்தில் அப்படியொரு பூரிப்பு. கோபம் சுர்ரென்று வந்தது. வந்த வேகத்திலேயே, அவளுக்கே ஆச்சரியமாக, வேறொன்றாக மாறியது. இந்தப் பிரிப்பில் வந்த எண்ணை யாரிடமும் காட்டாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு போன மனுஷன், நாலு பேர் நடுவில் எழுந்து நின்று அது தன்னுடையது என்கிறார். அவ்வளவு பெரிதாகிவிட்டது எழுபத்தொன்று. எந்த மேடையிலும் ‘நாங்கள்’ என்று சொல்லிப் பழகிய வாய் அவளுடையது, சாருடைய வழிகாட்டுதலில் என்று தொடங்கித்தான் எந்த வாக்கியத்தையும் முடித்திருக்கிறாள், அதுதான் முறை, எல்லோரும் அப்படித்தான். எழுந்து நின்று சொந்தம் கொண்டாட ஓர் ஆள் வந்தாயிற்று என்றால் பெற்றவள் சும்மா நிற்பதா. மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள். “நான் பிரிச்சதுங்க சார்,” என்றாள். குரல் உயரவில்லை, மைக் இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.